தொய்ந்த கயிறும் தளர்ந்த பனியும்: பழுதான ஸ்னோமொபைலை மலையிலிருந்து மீட்பது எப்படி?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் என்ற நகரைச் சுற்றியுள்ள மலைகளுக்குக் குளிர்காலம் முழுவதும், பனியின்மேல் ஓடும் எஞ்சின் வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டுபவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அருகிலுள்ள ரோஜர்ஸ் கணவாயில் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் பனி பொழிகிறது என்பதிலிருந்து அந்த நிலத்தை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம். சாலை முடிந்து, அலைபேசிக்கு அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்கு ஒன்றில் வண்டியின் எஞ்சின் நின்றுவிட்டால், அங்கே இழுவை லாரி வர வழியில்லை. உடன் வந்தவரின் வண்டியில் கட்டி இழுத்து வருவதே பெரும்பாலும் கையில் இருக்கும் ஒரே வழி. பார்ப்பதற்கு எளிய இந்த வேலையில் வண்டியின் எடையைக் கண்டுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆனால் கயிறு தொய்ந்து மறுபடி இறுகும் அந்த ஒரு கணமும், சக்கரமற்ற இந்த வண்டியைத் தாங்கும் பனியின் தன்மையும்தான் உண்மையில் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன.

ஸ்னோமொபைலின் முன்புறம் திசைதிருப்ப ஸ்கீ எனப்படும் நீண்ட சறுக்குக்கட்டைகள் இரண்டும், பின்புறம் உந்தித் தள்ள டிராக் என்று சொல்லப்படும் முடிவற்ற ரப்பர் பட்டை ஒன்றும் இருக்கின்றன. பல்சக்கரம் ஒன்று ரப்பர் டிராக்கைக் கவ்விச் சுற்றும் அமைப்புக்கு 1937-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில், பனி மூடிய சாலைகளால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் தம் இரண்டு வயது மகனை இழந்த தந்தை அவர். அந்தப் பல்சக்கரம் எஞ்சினின் சுழற்சியை டிராக்குக்குக் கொடுப்பதைப் போலவே, வண்டியை வெளியிலிருந்து இழுக்கும்போது டிராக்கின் சுழற்சியை உள்ளே எஞ்சினை நோக்கித் திருப்பி அனுப்பும். எனவே, நின்றுபோன வண்டியை அப்படியே இழுத்தால் அதன் உள்ளுறுப்புகள் பலவும் சேர்ந்தே சுழலத் தொடங்கும்.

இதனால்தான் தயாரிப்பாளர்களின் கையேடுகள், இழுப்பதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிவிடச் சொல்கின்றன. கியர் இல்லாத ஸ்கூட்டரில் உள்ளதைப் போன்ற ஏற்பாடுதான் இங்கும்: கூம்பு வடிவக் கப்பிகள் இரண்டு, அவற்றை இணைக்கும் ரப்பர் பெல்ட் ஒன்று. எஞ்சின் பக்கத்துக் கப்பி, வேகம் கூடும்போதுதான் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். எஞ்சின் நின்றிருக்கையில் பெல்ட் அதில் தளர்வாகக் கிடக்கும். வண்டியை இழுத்தால் டிராக் பக்கத்துக் கப்பி சுழன்று, பெல்ட்டை நகராத கப்பியின்மேல் தேய்த்துக்கொண்டே செல்லும். தேய்ந்து சூடேறுவதோடு நின்றால் நல்லது. பெல்ட் எங்காவது கவ்விக்கொண்டால், இறுகிப்போன எஞ்சினையே சுற்ற முயன்று டிராக் திடீரெனப் பூட்டிக்கொள்ளும். இழுபடும் வண்டியில் அமர்ந்திருப்பவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பெல்ட்டைக் கழற்றினால் பிரேக்கும் போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். போகாது. பிரேக் தட்டு, பெல்ட்டுக்கு அப்பால் டிராக்கைச் சுழற்றும் தண்டுகளோடு இணைந்திருக்கிறது. அதை அழுத்துவது திரவ அழுத்தமே என்பதால் எஞ்சின் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. பெல்ட் இல்லாத வண்டியில் எஞ்சின் தரும் தடை மட்டுமே இல்லாமல் போகிறது. ஆகவே பின்வண்டியில் ஒருவர் அமர்ந்து பிரேக்கின்மேல் கைவைத்திருப்பது கட்டாயம். புறப்படுவதற்கு முன் பின்பகுதியைத் தூக்கி டிராக்கைக் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். பனிக்கட்டி உறைந்து பிடித்திருந்தால் தட்டிவிடலாம். உள்ளே சங்கிலியோ பேரிங்கோ உடைந்து சுற்றாமல் நின்றிருந்தால், டிராக்குக்கு அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் சறுக்குப்பலகை போன்ற ஒன்றைச் செருகிக் கட்டித்தான் இழுக்க முடியும்.

இனி, கயிறு. ஓட்டியோடு சேர்த்து 300 கிலோ எடையுள்ள பின்வண்டி ஒன்றை 15 டிகிரிச் சரிவில் மேலே இழுக்கிறோம் என்று கொள்வோம். புவியீர்ப்பு மட்டும் அதைச் சுமார் 760 நியூட்டன் விசையோடு, அதாவது ஏறத்தாழ 78 கிலோ எடைக்கு ஈடாக, கீழே இழுக்கும். பனியின் உராய்வு இதற்கு மேல். நல்ல கயிறு எதற்கும் இது பெரிய சுமையே இல்லை. ஆனால் கயிறு தொய்ந்திருக்கும் நிலையில் முன்வண்டி நொடிக்கு 3 மீட்டர் வேகம் பெற்றுவிட்டால், கயிறு இறுகும் கணத்தில் பின்வண்டியும் அந்த வேகத்தை எட்டியாக வேண்டும். அதற்குக் கயிறு ஏற்க வேண்டிய ஆற்றல் 1,350 ஜூல். கயிறு ஒரு மீட்டர் நீண்டு கொடுத்தால் சராசரி விசை 1,350 நியூட்டன். 10 சென்டிமீட்டர் மட்டுமே நீளும் விறைப்பான கயிறென்றால் அதுவே 13,500 நியூட்டன், அதாவது ஒன்றேகால் டன்னுக்கு மேல். அதே வண்டி, அதே வேகம். நீட்சி மட்டுமே வேறு. உச்ச விசையோ சராசரியையும் தாண்டும். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பம்பர்கள் பிய்வதும் ஸ்கீக் கால்கள் வளைவதும் வியப்பல்ல.

நைலான் கயிறு நன்றாக நீளும் என்பதால் இந்த வேலைக்கு ஏற்றது; எஃகைவிட வலியது என்று விற்கப்படும் உயர்ரகப் பாலிஎதிலீன் கயிறுகள் மிகக் குறைவாகவே நீள்பவை. ஆயினும் நீண்ட நைலான் தனக்குள் ஆற்றலைத் தேக்கிவைக்கிறது. அறுந்தால் அந்த ஆற்றல் முழுவதும் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. எந்தக் கயிறானாலும், முன்வண்டி தவழ்வதுபோல் நகர்ந்து தொய்வு முழுவதையும் எடுத்த பிறகே இழுக்கத் தொடங்க வேண்டும். பின்னால் இருப்பவர் இலேசாகப் பிரேக் பிடித்துக் கயிற்றை எப்போதும் விறைப்பாக வைத்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒன்று கைவந்தால் பாதி விபத்துகளைத் தவிர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டும் இடமும் முக்கியமானது. ஸ்கீயின் நுனியில் உள்ள வளையம் கைக்கு வசதியாக இருப்பதால் பலரும் அதில்தான் கட்டுகிறார்கள். அந்த வளையம் ஸ்கீயின் சுழல் அச்சிலிருந்து வெகுதூரம் முன்னால் இருப்பதால், அங்கே விழும் ஒவ்வொரு பக்கவாட்டு இழுப்பும் நெம்புகோல்போல் பெருகித் திசைதிருப்பும் கம்பிகளை வளைக்கும். ஸ்கீயைத் தாங்கும் செங்குத்துக் காலில் கட்டினால் இந்த நெம்புவிசை இல்லை. இரு கால்களிலிருந்தும் புறப்பட்டு முன்னே ஒன்றுசேரும் ஆங்கில ‘வி’ வடிவக் கட்டில், இரு புரிகளுக்கும் இடைப்பட்ட கோணம் சிறிதாக இருக்க வேண்டும். கோணம் 120 டிகிரியானால் ஒவ்வொரு புரியும் மொத்த இழுவிசையையும் அப்படியே தாங்குவதோடு, ஸ்கீகளை அந்த விசையின் 87 சதவீதத்தோடு உட்புறமாக நெருக்கும். கோணம் 30 டிகிரியானால் ஒவ்வொரு புரிக்கும் பாதியைவிடச் சற்றே கூடுதலான சுமைதான். உள்நெருக்கமும் 13 சதவீதமாகக் குறைகிறது. ஸ்கீகளின் இடைவெளி ஒரு மீட்டர் என்றால், இதற்கு ஒவ்வொரு புரியும் சுமார் 2 மீட்டர் நீளம் இருந்தால் போதும். முன்வண்டியில் முடிச்சு தாழ்வாகவும் நடுவிலும் அமைய வேண்டும். உயரத்தில் கட்டினால் இழுப்பு வண்டியின் பின்பகுதியை அமுக்கி முன் ஸ்கீகளின் பிடிப்பைக் குறைத்துவிடும்.

கயிற்றால் இழுக்க முடியும், தடுக்க முடியாது. தேரை வடம் பிடித்து இழுப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும், அதை நிறுத்தச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது முன்வண்டி சட்டென்று நின்றால், 6 மீட்டர் கயிற்றின் தொலைவைப் பின்வண்டி ஒன்றரை நொடிக்குள் கடந்துவிடும். அதனால்தான் கையேடுகள் விறைப்பான இழுவைத் தண்டையே முதலில் பரிந்துரைக்கின்றன. அவசரத்துக்கு மட்டுமே கயிறு, அதுவும் மிக மெதுவாக. செங்குத்தான இறக்கம் வந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பின்வண்டியைப் பிரேக்கோடு தன் எடையிலேயே தனியாக இறக்குவதுதான் நல்லது.

இந்த வேலையில் பனிக்குள்ள பங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புதிதாக விழுந்த தூள்பனியில் முன்வண்டி சுமையோடு முயன்றால், டிராக் பனியைத் தோண்டிக்கொண்டே கீழே இறங்கித் தானே குழியில் அமர்ந்துவிடும். ஆனால் கலைத்து அமுக்கப்பட்ட பனிக்கு வியப்பூட்டும் இயல்பு ஒன்று உண்டு: அதன் துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் உருகாமலேயே சிறிய பனிக்கட்டிக் கழுத்துகள் வளர்ந்து அவற்றை ஒட்டவைக்கின்றன. உறைநிலைக்குச் சற்றே கீழிருக்கும் பனிக்கட்டியில், இயற்பியல் கணக்கில் அது உருகுநிலையை மிக நெருங்கிய திண்மம் என்பதால், மூலக்கூறுகள் ஓரளவு இடம்பெயர முடிகிறது. எனவே சுமையில்லாத வண்டியை முதலில் அதே வழியில் இரண்டு மூன்று முறை ஓட்டித் தடத்தை அமுக்கி, அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு இழுத்தால், முன்பு விழுங்கிய பனியே சுமை தாங்கும். அந்த அரை மணி நேரம் வீணல்ல. பெல்ட்டைக் கழற்றவும், கட்டுகளைச் சரிபார்க்கவும், சூடாக ஏதாவது குடிக்கவும் அது தேவைப்படும்.

இழுக்கும் வண்டியும் களைப்படையும். மெதுவான ஓட்டமும் கனத்த சுமையும் சேரும்போது அதன் பெல்ட் வழுக்கிச் சூடேறுகிறது; டிராக் வாரியிறைக்கும் பனியால் குளிர வேண்டிய எஞ்சினுக்கும் அந்தப் பனி குறைவாகவே கிடைக்கிறது. டிராக் சறுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் பனியே மசகு என்பதால், இறுகிய பனிக்கட்டிப் பாதையில் இரு வண்டிகளிலுமே அவை தேய்ந்து உருகக்கூடும். இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். இரண்டாவது வண்டியும் நின்றுவிட்டால் நடந்து வருவது மட்டுமே மிஞ்சும்.

நிறுத்துமிடத்தைத் தேர்வதில் பனிச்சரிவைப் பற்றிய எண்ணம் முந்தி வர வேண்டும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைமுகங்களில் புறப்படுகின்றன. அத்தகைய முகத்தையோ அதன் அடிவாரத்தையோ கடக்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே செல்ல வேண்டும் என்பது அடிப்படை விதி. கட்டி இழுப்பதோ இரண்டு பேரையும் ஒரே நேரத்தில், மெதுவாக, தப்பியோட முடியாதபடி பிணைத்து அங்கே கொண்டுசெல்கிறது. புதைந்தவர் முதல் 10 அல்லது 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்பட்டால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தோண்ட வேண்டியவரும் கயிற்றின் மறுமுனையில் சேர்ந்து புதைந்திருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

வெளியேறும் வழி அப்படிப்பட்ட சரிவின் கீழ்தான் செல்கிறது என்றாலோ, வெளிச்சம் மங்கிவிட்டது என்றாலோ, வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். அதைப் பனிச்சரிவு எட்டாத சமதளம் ஒன்றுக்குத் தள்ளி, பனிக்கு மேல் தெரியும்படி நீளமான கம்பு ஒன்றை நட்டு, இருப்பிடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொண்டு, இருவரும் ஒரே வண்டியில் திரும்பலாம். இரவில் புதுப்பனி விழாமலும் பனிச்சரிவு எச்சரிக்கை உயராமலும் இருந்தால், திரும்பிய அதே தடம் மறுநாள் காலைக்குள் இறுகி, நின்ற வண்டியை இழுத்துவரும் பாதையாக ஆகியிருக்கும்.