அப்பத்தாவுக்கு வயிறு வலிக்கவே இல்ல

எங்க கம்பத்துல இருந்து விடியக்காலை ஜீப் ஏறி குமுளி பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு முட்டு வலி இருக்கும், ஏன்னா ஏலக்காய் செடியோட தூருல தான் காய்க்கும், நாள் பூரா குத்தவச்சு தான் எடுக்கணும். அப்பத்தாவும் 30 வருசம் அப்படி எடுத்தது தான். முந்தானையில எப்பவும் டைக்ளோஃபினாக்னு ஒரு வலி மாத்திரை அட்டை முடிஞ்சிருக்கும், அது போக ஹார்ட்டுக்கு தினம் ஒரு ஆஸ்பிரின்.

போன ஆடியில கிறுகிறுன்னு வருதுய்யான்னு ரெண்டு நாளா படுத்தே கிடந்துச்சு. லோ பிரஷரா இருக்கும்னு நாங்களும் உப்பு போட்டு மோர் குடுத்துட்டு இருந்தோம். மூணாம் நாள் பாத்ரூமுக்கு தண்ணி ஊத்தப் போன அம்மா தான் பாத்துச்சு, அப்பத்தா வெளிக்குப் போனது ரோட்டுக்கு ஊத்துற தார் மாதிரி கருகருன்னு பிசுபிசுன்னு, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம்.

அது ரத்தம் தான். இரைப்பையில கசியிற ரத்தம் குடல் முழுக்க இறங்கி வர்றதுக்குள்ள ஆசிட்டும் பாக்டீரியாவும் ஹீமோகுளோபினை மாத்தி கருப்பாக்கிருது. 50, 100 மில்லி கசிஞ்சாலே போதும், ஒரு டீ கிளாஸ் கூட வராது. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கருப்பா போகும், ஆனா இந்த பிசுபிசுப்பும் நாத்தமும் இருக்காது.

நம்ம வயித்து ஆசிட் நம்ம வயித்தையே அரிக்காம இருக்குன்னா உள்ள கோந்து மாதிரி பூசியிருக்கிற சளிப்படலம் தான் காரணம், அதைச் சுரக்க வைக்கிறது ப்ரோஸ்டாகிளாண்டின்னு உடம்புலயே ஊறுற ஒரு ரசாயனம். கூத்து என்னன்னா முட்டியில வலியையும் வீக்கத்தையும் கிளப்பி விடறதும் அதே ப்ரோஸ்டாகிளாண்டின் வகையறா தான். மாத்திரைக்கு முட்டி எது வயிறு எதுன்னு தெரியாது, ரெண்டு எடத்துலயும் சேத்து அடைச்சிருது, வயித்துல சளிப்படலம் கொறைஞ்சு ஆசிட் அரிச்சு புண்ணாகிருது. "சாப்பிட்டுட்டு தானய்யா போடறேன்"னு அப்பத்தா சொல்லும், ஆனா அது ரத்தத்துல கலந்து போய் செய்யிற வேலை, ஊசியா போட்டாலும் இதே கதை தான். மேல ஆஸ்பிரின் வேற, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு அது பட்டா சாகுற வரைக்கும், அதாவது 7 லேர்ந்து 10 நாளைக்கு, சரியா ஒட்டாது, புண்ணு கசிய ஆரம்பிச்சா நிக்கிறது கஷ்டம். (ஹெச் பைலோரின்னு ஒரு பாக்டீரியாவும் புண்ணு போடும், அத நிரூபிக்க 1984ல பாரி மார்ஷல்ங்கிற ஆஸ்திரேலிய டாக்டர் அந்த கிருமிய கலக்கி தானே குடிச்சாரு, 2005ல ராபின் வாரனோட சேந்து நோபல் வாங்குனாரு.)

வலியே இல்லாம எப்படின்னா, புண்ண போட்ட மாத்திரையே வலிய அமுக்கிருது, வயசானவங்களுக்கு வயிறு வலியும் கம்மியா தான் தெரியும். இதுல சில பிபி மாத்திரை நாடித்துடிப்பையும் ஏற விடாது, ரத்தம் போறதே வெளிய தெரியாது.

தேனிக்கு தூக்கிட்டுப் போய் ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தி, வாய் வழியா எண்டோஸ்கோப்பி கேமரா குழாய் விட்டு புண்ணுல கிளிப் போட்டாங்க. ஆஸ்பிரினை நாங்களா நிறுத்தக்கூடாதுன்னு சொல்லி, சில நாள்ல ஆசிட்டைக் கொறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை கூட சேத்து மறுபடி ஆரம்பிச்சாங்க. டைக்ளோஃபினாக் மட்டும் இனி கிடையாது. முந்தானை முடிச்ச அம்மா அவுத்தப்போ அட்டையில இன்னும் நாலு மாத்திரை இருந்துச்சு, "முட்டு தானடி வலிச்சுச்சு, வயித்துல எதுக்கு கிளிப்பு"ன்னு அப்பத்தா கேட்டுக்கிட்டே இருந்துச்சு.