மேலே இருந்து மேகத்தின் உயரம் எப்படித் தெரிகிறது?

புயல் சின்னம் உருவானால் போதும், டிவியில் இன்சாட் படம் வந்துவிடும். "அந்த மேகம் 15 கி.மீ. உயரம் என்கிறார்களே, சுமார் 36,000 கி.மீ. தொலைவில் நிற்கும் செயற்கைக்கோள் அதை எப்படி அளக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

உண்மையில் அது அளப்பது சூட்டை. கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே ஒரு கருவி, அதே வேலை. எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை விடுகிறது. அந்தக் கதிரின் அலைநீளம் 11 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கம் இருந்தால், காற்று அதை அதிகம் மறிப்பதில்லை. மேலே போகப் போகக் காற்று குளிரும், கி.மீ.க்குச் சுமார் 6.5 டிகிரி. கடல் 28 டிகிரி, மேகத்தின் உச்சி மைனஸ் 70 என்றால் வித்தியாசம் 98. வகுத்தால் 15 கி.மீ.

கனத்த மழைமேகத்துக்கு இது சரி. மாட்டிக்கொள்வது கீற்று மேகத்தில்தான். 12 கி.மீ. உயரத்தில் பனித்துகள்கள் மெல்லிசாகப் பரவியிருக்கும், அதன் வழியே கீழே உள்ள கடலின் சூடும் கசிந்து வரும். கொசுவலைக்கு இந்தப் பக்கம் நின்று அடுப்பில் காயும் தோசைக்கல்லின் சூட்டைப் பார்ப்பது போல. வலையின் சூடும் வராது, கல்லின் சூடும் வராது, நடுவில் ஏதோ ஒரு எண் வரும். அதை நம்பினால் மேகம் 6 கி.மீ.யில் இருப்பதாகத் தோன்றும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பாருங்கள், எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத வழி. 15 மைக்ரானை நெருங்க நெருங்க, கார்பன் டை ஆக்சைடு கதிரை விழுங்கிக்கொண்டே போகும். 13.3 மைக்ரானில் பார்த்தால் கிட்டத்தட்ட தரை வரை தெரியும். 14.2-இல் மேல் காற்று மட்டும்தான். அதாவது தாழ்ந்த மேகம் முதல் அலைநீளத்தில் தென்படும், இரண்டாவதில் மறைந்துவிடும். உயர்ந்த மேகம் இரண்டிலும் தெரியும். மேகம் இல்லாத பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு அலைநீளத்திலும் கதிர் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். ஒரு குறைவை மற்றதால் வகுக்கிறார்கள். வலை எவ்வளவு அடர்த்தி என்ற தெரியாத எண் மேலும் கீழும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது! மிஞ்சும் விகிதம் உயரத்தைச் சொல்லிவிடும். 1999-இல் ஏவிய டெரா, 2002-இல் ஏவிய அக்வா ஆகிய நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற கருவி உயர்ந்த மேகங்களை இப்படித்தான் அளந்தது.

ஆனால் எந்த வழியில் கணக்குப் போட்டாலும், அன்றைக்கு எந்த உயரத்தில் என்ன சூடு என்ற பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலுக்குப் பெரிய ஆதாரம், சூட்டை அளக்கும் சிறு கருவியைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் வானிலை பலூன். சென்னை மீனம்பாக்கம் உட்பட உலகெங்கும் பல நூறு இடங்களில் இருந்து தினமும் பறக்கிறது. 30 கி.மீ. பக்கம் போய் வெடிக்கும், கருவி பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் இதைக் கண்டுகொள்வதில்லை. 2025-இல் அமெரிக்காவில் ஆள் பற்றாக்குறையால் சில நிலையங்களில் பலூன் விடுவதைக் குறைத்தார்கள். எனக்கு அது பெரிய தவறாகவே படுகிறது. இங்கேயும் செலவைக் குறைக்கும் பேச்சு வந்தால், பலூனில் மட்டும் கை வைக்கக் கூடாது.