ரெஃப்யூஜியம் போடறதுக்கு முன்னாடி பம்ப்ப ஒரு தடவ ஆஃப் பண்ணிப் பாருங்க

வீட்டு மரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி, பராமரிக்கறதுதான் என் தொழில். "அண்ணா, நைட்ரேட் இறங்கவே மாட்டேங்குது, சின்னதா ஒரு ரெஃப்யூஜியம் போட்டுக் குடுங்க"ன்னு சென்னைல இப்ப நிறைய பேர் கேக்கறாங்க. எந்தப் பாசி, எந்த லைட்னு எல்லாம் விசாரிப்பாங்க, ஆனா கரண்ட் போனா தண்ணி எங்க போகும்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல.

ரெஃப்யூஜியம்னா மெயின் டேங்க் தண்ணியே சுத்தி வர்ற ஒரு தனி அறை, பெரும்பாலும் கீழ கேபினெட்ல இருக்கற சம்ப்புக்குள்ளயே (டேங்க் தண்ணி இறங்கி, பம்ப் வழியா திரும்ப மேல போற சின்னத் தொட்டி) வரும். அங்க மீன் கழிவால தண்ணில சேர்ற நைட்ரேட்ட உறிஞ்சி கடல்பாசி வளரும், மீன் வாய்ல மாட்டாம கோப்பிபாட் மாதிரி பொடி உயிர்கள் பெருகும்.

இப்ப கணக்கு பாருங்க. 4 அடி நீளம், 1.5 அடி அகலம் உள்ள டேங்க்ல 1 இன்ச் தண்ணி இறங்கினாலே 14 லிட்டர். சம்ப்ல இருந்து தண்ணிய மேல கொண்டு வர்ற ரிட்டன் பைப்போட வாய் 3 இன்ச் ஆழத்துல இருந்தா, பம்ப் நின்ன உடனே 42 லிட்டர் ரிவர்ஸ்ல கீழ வந்துரும், பாசிக்கு இடம் வேணும்னு தடுப்ப உயரமா ஒட்டி சம்ப்ப நெறச்சு வெச்சிருந்தா அவ்வளவும் தரைலதான். ஒரு வீட்ல ராத்திரி கரண்ட் போய், காலைல நான் போறப்ப கேபினெட் பிளைவுட் ஊதிப்போய் கிடந்துச்சு, அதவிட உப்புத் தண்ணி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரைக்கும் வந்திருந்தத பார்த்துதான் எனக்கு உடம்பு நடுங்குச்சு, அந்த வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்க. அதனால பாசி வாங்கறதுக்கு முன்னாடி பம்ப்ப நீங்களே ஆஃப் பண்ணுங்க, தண்ணி இறங்கி நிக்கற வரைக்கும் பாருங்க, பம்ப் நின்னாலும் வழியாத அளவுக்கு, பம்ப் ஓடறப்ப சம்ப்ல தண்ணி எதுவரைக்கும் இருக்கலாம்னு மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. தண்ணி ரிவர்ஸ்ல இழுத்துட்டு வர்றத (சைஃபன்) காத்து புகுந்து நிறுத்தறதுக்கு பைப்ல ஓட்டை போட்டிருக்கேன்னு சொல்வாங்க, அதுல நத்தை ஒண்ணு போய் உக்காந்தா முடிஞ்சுது. பிளக் எல்லாம் தரைல இருக்கவே கூடாது, செவுத்துல மேல ஏத்திருங்க.

ரெஃப்யூஜியம் லைட்ட ராத்திரில போடுங்க. மெயின் டேங்க் இருட்டா இருக்கறப்ப கார்பன் டை ஆக்சைட் சேர்ந்து தண்ணியோட பிஎச் இறங்கும், லைட் எரிஞ்சா ரெஃப்யூஜியம் பாசி அத இழுத்துக்கும்.

பாசில என் ஓட்டு நூல் உருண்டை மாதிரி வளர்ற கீட்டோவுக்குதான். காலெர்பான்னு இன்னொரு பாசி வேகமா வளரும், ஆனா திடீர்னு வெளுத்து கரைஞ்சு, உறிஞ்சினதெல்லாம் தண்ணிலயே கக்கிரும். எந்தப் பாசியா இருந்தாலும் நீங்க அள்ளி வெளிய எடுத்தாதான் நைட்ரேட் டேங்க விட்டுப் போகும், வளர விட்டு அழகு பாக்கறதுல பிரயோஜனம் இல்ல. அள்ளினத வெயில்ல நல்லா காய வெச்சு குப்பைல போடுங்க, தயவுசெஞ்சு கடல்ல வீசாதீங்க. 1984ல மொனாக்கோ கடலோரத்துல கொஞ்சூண்டு தெரிஞ்ச காலெர்பா அப்புறம் மத்தியதரைக் கடல்ல எவ்வளவோ தூரம் பரவிருச்சு. நம்ம மன்னார் வளைகுடால குருசடை தீவுப் பக்கம் கப்பாஃபைகஸ் பாசி பவளத்து மேல போர்வை மாதிரி மூடிருச்சு.

ராமேஸ்வரத்துல இருந்து பவளக் கல் எடுத்துட்டு வரட்டான்னும் கேக்கறாங்க. வேண்டவே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம். காஞ்ச செயற்கைக் கல்லே போதும், கழிவ சிதைக்கற பாக்டீரியா மெதுவா அதுல குடியேறிரும்.

கடைசியா மேண்டரின் மீன். ரெஃப்யூஜியம் போட்ட மறுவாரமே அத வாங்கிறாதீங்க. நாள் முழுக்க கோப்பிபாட்டக் கொத்தித் திங்கற மீன் அது, புது ரெஃப்யூஜியத்துல அவ்வளவு இருக்காது, சின்ன டேங்க்ல எப்பவுமே பத்தாது. வயிறு ஒட்டிப்போன மேண்டரின நான் நிறைய வீட்ல பார்த்துட்டேன், அந்த நிலைமைக்குப் போனது பிழைக்கறது ரொம்ப அபூர்வம்.