காற்றை எடைபோடும் கம்பி

காரின் இஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் (MAF) சென்சாரைச் சுத்தம் செய்தால் மைலேஜ் கூடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்தால் இஞ்சின் திணறும், கூடினால் வீணாகும். அதனால் உள்ளே வரும் காற்றின் எடை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை இயக்கும் கணினிக்குத் தெரிந்தாக வேண்டும். கொள்ளளவு மட்டும் போதாது: கடல் மட்டத்தில் 0 டிகிரியில் 1.29 கிராம் இருக்கும் ஒரு லிட்டர் காற்று, 40 டிகிரியில் 1.13 கிராம்தான்.

சரி, ஓடுகிற காற்றை எப்படி எடைபோடுவது? இந்த இடம்தான் எனக்குக் கொள்ளை ஆசை. ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் குழாய்க்குள் முடி போல மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று; மாஃப் சென்சாரின் உயிர் அதுதான். மின்சாரம் அதை, வரும் காற்றைவிடச் சுமார் 100 டிகிரி கூடுதல் சூட்டில் வைத்திருக்கிறது. காற்று பட்டால் கம்பி குளிரும். பிளாட்டினம் குளிர்ந்தால் மின்தடை இறங்கும். அந்த இறக்கத்தைச் சுற்று உடனே உணர்ந்து, பழைய சூட்டுக்குக் கொண்டுவரும் அளவுக்கு மின்சாரத்தைக் கூட்டுகிறது. கூட்டிய மின்சாரம்தான் அளவு! அடர்ந்த காற்றில் மூலக்கூறுகள் அதிகம், அவை அள்ளிச் செல்லும் சூடும் அதிகம்; ஆக எடை நேரடியாகவே கிடைத்துவிடுகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

சூடான கம்பி காற்றில் எப்படிக் குளிர்கிறது என்பதற்கு எல்.வி. கிங் என்ற இயற்பியலாளர் 1914-இல் சூத்திரம் எழுதினார். அது கார்களுக்குள் வந்தது 1980-களில். உடனடிப் பலன் கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது எவ்வளவு குறுகிய பார்வை!

கம்பியில் தூசியோ எண்ணெயோ படிந்தால் சூடு சரியாக வெளியேறாது. காற்று குறைவு என்று கணினி நம்பி பெட்ரோலைக் குறைக்கும். நிதானமாக ஓட்டும்போது, புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து ஓரளவு திருத்திவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது அந்தத் திருத்தம் பெரும்பாலும் நடக்காது. பிக்கப் அங்கேதான் அடிவாங்கும்.

பிக்கப் கூடும் என்று சொல்லி, காற்றின் வெப்பநிலை சென்சாரோடு இணைக்க ‘பவர் சிப்’ என்று ஒன்றை விற்கிறார்கள். பலவற்றின் உள்ளே இருப்பது வெறும் மின்தடை. காற்று குளிர்ந்திருப்பதாகக் கணினியை ஏமாற்றுவது மட்டுமே அதன் வேலை. நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் அந்தப் பொய்யையும் திருத்திவிடும். தாயத்து கட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே, அழுக்கான சென்சாரைச் சுத்தம் செய்தால் போன பிக்கப் திரும்பும். நிதானமான ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் ஏற்கெனவே ஓரளவு திருத்திவிடுவதால், மைலேஜில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயை மட்டும் அடியுங்கள், கம்பியைத் தொட்டுத் துடைக்காதீர்கள், நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.