மொட்டுக்குள்ளே தொடங்கும் அழுகல்: வீட்டுக் கஞ்சாச் செடியும் சாம்பல் பூஞ்சணமும்

செப்டம்பர் நடுப்பகுதி தாண்டிவிட்டால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கைமுட்டி அளவுக்குத் திரண்ட கஞ்சாப் பூ. அதன் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இலை ஒன்று மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். சுற்றியுள்ள எல்லாம் நல்ல பச்சை. கூடவே ஒரு கேள்வி: "உரம் காணாதோ அக்கா?"

உரம் காணாமல் இல்லை. அந்த இலையின் அடிக்காம்பு உள்ளே அழுகிவிட்டது. அதுதான் சாம்பல் பூஞ்சணம், அதாவது பொட்ரைட்டிஸ். வெளியே அந்த ஓர் இலை காட்டிக்கொடுக்கும்போது பூவின் உட்பகுதி பெரும்பாலும் போய்விட்டிருக்கும். பயிர் நோய்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். ஸ்ட்ராபெரி, தக்காளி, திராட்சை எல்லாவற்றிலும் இதே பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கஞ்சாவில் அது செய்யும் சேதம்தான் மனதுக்கு அதிகம் கஷ்டமாக இருக்கிறது. காரணம், இதை வளர்ப்பவர்களில் ஒரு பகுதியினர் நோயாளிகள். தங்கள் வலிக்கும் தூக்கமின்மைக்குமான மருந்தைத்தான் வளர்க்கிறார்கள். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்தது அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது குப்பைக்குப் போகிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயதுவந்தோர் வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு நான்கு செடி; ஆளுக்கு நான்கு அல்ல. ஒன்டாரியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பையே தடை செய்திருக்கிறது; அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மருத்துவத் தேவைக்காக ஹெல்த் கனடா என்ற மத்திய சுகாதாரத் துறையில் பதிந்தவர்களுக்குக் கணக்கு வேறு. வாடகை வீட்டிலும் கொண்டோவிலும் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இப்படி வீட்டில் வளர்ப்பது குற்றம். அங்கிருந்து வாசிப்பவர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபிரிட்ஜில் மறந்துபோன ஸ்ட்ராபெரிப் பெட்டியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு பிடித்திருக்குமே, அதுவும் இதே பூஞ்சணம்தான். 200க்கும் மேற்பட்ட பயிர்களில் வாழக்கூடியது. காய்ந்த இலை, உதிர்ந்த பூவிதழ், வெட்டிய காம்பு என்று செத்த திசு எதுவானாலும் முதலில் அதில் குடியேறி, பலம் சேர்த்து, பிறகு உயிருள்ள பகுதிக்குள் போகும். அதன் வித்திகள், அதாவது விதைபோல அதைப் பரப்பும் நுண்துகள்கள், காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக்குள் வராமல் தடுக்க எவராலும் முடியாது. ஆனால் அந்த வித்தி முளைக்க நீர் வேண்டும்: பூவின் மேல் சில மணி நேரம் நிற்கும் ஒரு மெல்லிய ஈரப் படலம், அல்லது ஏறத்தாழ பனித்துளி படியும் அளவுக்கு ஈரமான காற்று. 15 முதல் 23 பாகை வெப்பநிலை அதற்கு மிகவும் பிடிக்கும். ஒன்டாரியோவின் செப்டம்பரும் பேஸ்மென்டின் இரவும் இந்தக் கணக்குக்குள் அப்படியே பொருந்துகின்றன. ஆகவே பூஞ்சணத்தைத் துரத்துவது நம் வேலை அல்ல. பூவுக்குள் ஈரம் தங்கவிடாமல் பார்ப்பதுதான் வேலை.

கண்டுபிடிப்பது எப்படி? பூக்கும் காலத்தின் கடைசி நான்கு வாரங்களில் தினமும் காலையில் டார்ச் ஒன்றோடு செடியைச் சுற்றி வாருங்கள். நிறம் மாறிய சின்ன இலையைப் பார்த்தால் விரலால் மெல்ல இழுங்கள். நல்ல இலை இழுத்தால் எதிர்க்கும். அழுகிய பூவில் இருப்பது எந்தப் பிடியும் இல்லாமல் கையோடு வந்துவிடும். அதன் அடிநுனி கருத்து, ஈரமாக இருக்கும். அந்த இடத்தில் பூவை மெதுவாக விரித்தால் நடுத்தண்டு பழுப்பாகிக் குழைந்திருப்பது தெரியும். கொஞ்சம் முற்றியிருந்தால் சாம்பல் நிற மயிர் போன்ற வளர்ச்சியும், தொட்டவுடன் கிளம்பும் தூசும் இருக்கும். தூசு என்று தெரிவது அத்தனையும் வித்திகள். இலையின் மேற்பரப்பில் வெள்ளை மா தூவினது மாதிரிப் படிவது வேறொரு நோய், அதற்கு வைத்தியமும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான மருந்தை வாங்குபவர்கள் நிறையப் பேர்.

இப்போது இரவைப் பற்றி. வீட்டுக்குள் டென்ட், அதாவது விளக்கின் கீழ் செடி வளர்க்கும் துணிக் கூடாரம், வைத்து வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, "ஈரப்பதம் 55 வீதம்தான் காட்டுது, பிறகு எப்படி வந்தது?" என்பது. அந்த அளவை எப்போது பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். விளக்கு எரியும்போது பார்த்திருப்பார்கள். 26 பாகையில் 55 வீதம் காட்டும் அதே காற்று, விளக்கு அணைந்து 18 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 90 வீதத்துக்குப் போய்விடும். ஒரு சொட்டு நீர்கூட யாரும் சேர்க்கவில்லை. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, அவ்வளவுதான். இதுவும் டென்டின் நடுவில் தொங்கும் மானி சொல்லும் கணக்கு. நெருக்கமான பூவின் உள்ளே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதோடு செடிக்கு ஊற்றும் நீர் எங்கே போகிறது என்றும் யோசித்துப் பாருங்கள். செடி அதில் மிகச் சிறிய பங்கைத்தான் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மிச்சம் முழுவதும் இலை வழியாகக் காற்றுக்கே வருகிறது. நான்கு லீற்றர் ஊற்றினால் கிட்டத்தட்ட நான்கு லீற்றரும் ஓரிரு நாளில் அந்த அறையின் காற்றில்தான்.

ஆகவே குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் மானி ஒன்றை வாங்குங்கள், விலை அதிகமில்லை. விளக்கு அணைந்த பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். பலர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று விளக்கோடு சேர்த்து வெளியேற்றும் ஃபேனையும் நிறுத்திவிடுகிறார்கள். அது இரவிலும் ஓட வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரும் இரவில்தான் அதிகம் தேவைப்படும். பூக்கும் காலத்தில் 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருங்கள், கடைசி வாரங்களில் கீழ்ப்பக்கமாக. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தை ஐந்து ஆறு பாகைக்குமேல் போகவிடாதீர்கள். பேஸ்மென்டில் இதற்காகச் சின்ன ஹீட்டர் ஒன்று வைப்பது டிஹியூமிடிஃபையரை விடவும் உதவியதைக் கண்டிருக்கிறேன். தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுங்கள், அணையும் நேரத்தில் அல்ல. பூ வந்த பிறகு அதன்மேல் எதையும் தெளிக்க வேண்டாம்.

செடியின் அமைப்பும் அதே அளவுக்கு முக்கியம். நான்கு செடிதானே அனுமதி என்று ஒவ்வொன்றையும் புதராக வளர்த்து, சின்ன டென்டுக்குள் தோளோடு தோள் நெருக்கி வைப்பதைப் பார்க்கிறேன். உள்ளே வெளிச்சம் படாத இலைகளையும் கீழ்க்கிளைகளையும் பூக்கத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். பின்னால் எடுத்தால் அந்த வெட்டுக் காயங்களே பூஞ்சணத்துக்கு வாசலாகும். உதிர்ந்த இலையைச் சாடியின் மண்மேல் விடக்கூடாது. பூ பெருக்க வேண்டும் என்று நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால் திசு மென்மையாகி, அழுகலுக்கு இன்னும் இலகுவாகும்.

வெளியே வளர்ப்பவர்களின் பிரச்சினை காலைப் பனித்துளி. இரவு நீள நீளப் பூக்கும் வகைகள் இங்கே செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை முற்றுகின்றன. ஒவ்வொரு காலையும் செடி நனைந்து நிற்கும் காலம் அது. விடிந்ததும் செடியைத் தண்டில் பிடித்து மெல்ல உலுக்கிவிடுங்கள். மழைக்கு மேலே மட்டும் பொலித்தீன் கூரை போடுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள்; நாலு பக்கமும் மூடினால் உள்ளே வியர்த்து நிலைமை இன்னும் மோசமாகும். புழுக்களையும் கவனியுங்கள். சோளத்தைத் துளைக்கும் புழுக்கள் ஆகஸ்டில் இந்தப் பூக்களுக்குள்ளும் போகும். அவை கடித்த காயமும் விட்டுப்போகும் கழிவும் பூஞ்சணத்துக்கு விருந்து. பூவில் கறுப்பு மணிகள் போல எச்சம் தெரிந்தால் அழுகல் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம்.

என் கருத்தில், இங்கே வெளியில் வளர்ப்பவர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு விதை வாங்கும்போதே எடுக்கப்படுகிறது. பகல் நீளத்தைப் பார்க்காமல் தானாகப் பூக்கும் ஆட்டோ வகைகளை ஜூன் தொடக்கத்தில் வைத்தால் ஆகஸ்டிலேயே அறுத்துவிடலாம், செடி காலைதோறும் நனையும் காலத்துக்கு முன்பே. பூ கல்லுப்போல இறுகாமல் கொஞ்சம் தளர்வாக வரும் வகையைத் தேடுங்கள். கடையில் எல்லாரும் கேட்பது பெரிய, இறுகிய பூ. ஏரிக்கரை ஈரத்தில் அதுதான் முதலில் போகும்.

சரி, வந்துவிட்டது. என்ன செய்வது? ஃபேனை முதலில் நிறுத்துங்கள், வித்தி பறக்கக் கூடாது. மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, அழுகிய பூவின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மெதுவாகக் கவிழ்த்து, அழுகல் தெரியும் இடத்திலிருந்து சில அங்குலம் கீழே, நல்ல தண்டில் வெட்டுங்கள். பையை அப்படியே கட்டிக் குப்பைக்கு. கம்போஸ்டில் போடவேண்டாம், அது அங்கே குளிர்காலத்தையும் தாண்டிப் பிழைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை 70 வீத ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். பிறகு எல்லாப் பூவையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு மூன்று கிளைகளில் அழுகல் தெரிந்து, பூவும் ஓரளவு முற்றியிருந்தால், காத்திருக்காமல் நல்ல பகுதியை அன்றே அறுவடை செய்துவிடுங்கள். இன்னும் ஒரு வாரம் நின்றால் கொஞ்சம் கூடும் என்ற ஆசையில் முழுச் செடியையும் இழந்தவர்கள் பலர்.

அழுகிய பூவைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பசிலஸ், கிளியோகிளாடியம் போன்ற நல்ல நுண்ணுயிர்களைக் கொண்ட தயாரிப்புகள் இருக்கின்றன. பூ வருவதற்கு முன்பிருந்தே தொடங்கினால் தடுப்புக்கு உதவும், வந்த பிறகு மீட்காது. எதை வாங்கினாலும் லேபிளில் கஞ்சாவுக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பால், பேக்கிங் சோடா, வேப்பெண்ணெய் என்று வீட்டு வைத்தியங்களைப் பூமேல் அடிப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஈரத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஈரத்தைச் சேர்க்கிறீர்கள். எண்ணெய்ப் படிவைப் பிறகு நெருப்பில் வைத்து நுரையீரலுக்குள் இழுக்கிறீர்கள். ரோஜாவுக்கும் புல்தரைக்கும் வாங்கிய பூஞ்சணக்கொல்லி அதைவிட ஆபத்து. மைக்லோபியூட்டனில் என்ற மருந்து சூடாகும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் கனடாவில் உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் கஞ்சாவிலேயே அது இருந்து, சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. சாப்பிடும் பழத்துக்கு அனுமதித்த மருந்து புகைக்கும் பூவுக்குப் பொருந்தாது.

நல்ல பூவும் காயவைக்கும்போது கெடலாம். இருட்டான அறை, 15 முதல் 20 பாகை, 50 முதல் 60 வீத ஈரப்பதம், காற்று ஓட வேண்டும், ஆனால் ஃபேன் நேராகப் பூவில் படக்கூடாது. பெரிய பூக்களைப் பிரித்துத் தொங்கவிடுங்கள். சின்னக் காம்பு வளையாமல் ஒடியும்வரை போத்தலில் அடைக்கவேண்டாம். அடைத்த பின் போத்தலுக்குள் சின்ன மானி ஒன்றைப் போடுங்கள். 65 வீதத்துக்குமேல் காட்டினால் உடனே வெளியே எடுத்து மறுபடி காயவையுங்கள்.

என்னிடம் அதிகம் வரும் இன்னொரு கேள்வியை ஒரு பெண் கேட்ட விதத்திலேயே எழுதுகிறேன். "அப்பாவுக்குக் கீமோ நடக்குது அக்கா. வாந்திக்கும் சாப்பாட்டு மனமில்லாததுக்கும் டாக்டர் எழுதித் தந்தவர், அதுக்காகத்தான் வளர்த்தது. பூவின்ர ஒரு பக்கம்தான் பழுதாப்போச்சு. மற்றப் பக்கத்தை வெட்டி எடுத்து எண்ணெயா காய்ச்சிக் குடுக்கலாமோ?"

"வேண்டாம் தங்கச்சி. அந்தப் பூவில் எதையும் குடுக்காதேங்கோ" என்றேன்.

காரணத்தையும் விளக்கினேன். பொட்ரைட்டிஸ் சிலருக்கு ஒவ்வாமையையும் இருமலையும் தரும். பூஞ்சணம் பிடித்த திராட்சையோடு வேலை செய்பவர்களுக்கு இதனால் நுரையீரல் அழற்சி வருவதும் மருத்துவத்தில் பதிவான விஷயம். அதைவிடப் பெரிய பயம், அழுகிய பூவில் அது தனியாக இருப்பதில்லை என்பதுதான். அஸ்பர்ஜிலஸ் என்ற இன்னொரு பூஞ்சணமும் கூடவே குடியிருக்கலாம். கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர், ஸ்டீராய்டில் இருப்பவர் ஆகியோரின் நுரையீரலுக்குள் அது போனால் உயிருக்கே ஆபத்து. புகைக்கும் சூட்டில் வித்திகள் எல்லாம் செத்துவிடும் என்று நம்ப முடியாது. எண்ணெயாகக் காய்ச்சினாலும் பூஞ்சணம் விட்டுப்போன நச்சுகளும் ஒவ்வாமைப் பொருட்களும் அதிலேயே மிஞ்சலாம். ஹைட்ரஜன் பெரொக்ஸைடில் கழுவுவது வெளியே தெரியும் சாம்பலைத்தான் போக்கும்.

இப்படியான நிலையில் இருப்பவர்களுக்கு, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வீட்டுப் பூவையும் நான் பரிந்துரைப்பதில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பூ நுண்ணுயிர்ப் பரிசோதனை முடித்துத்தான் வெளிவருகிறது. பல நிறுவனங்கள் கதிர்வீச்சு கொடுத்துக் கிருமிகளைக் குறைத்தும் விற்கின்றன. எதை எடுப்பது, எந்த வடிவத்தில் எடுப்பது என்பதைப் புற்றுநோய்ப் பிரிவின் மருந்தாளரிடம் கேளுங்கள். கஞ்சா என்று சொல்ல நம் பெற்றோர் கூச்சப்படுவார்கள், மருத்துவரிடம் மறைப்பார்கள். நீங்கள் கூடவே போய் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.