ட்ரவுட்டுக்கு முதலில் தெரிவது பூச்சியின் கால்

ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் மொன்டானாவில் புல்வெளி நடுவே ஓடும் ஓர் ஆறு. காலைக் குளிரில் விறைத்துக் கிடந்த வெட்டுக்கிளிகள் வெயில் ஏறியதும் துள்ளத் தொடங்கும். அந்நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தால் போதும், நாலைந்து தொப்பென்று தண்ணீரில் விழும். கரையோரம் காத்திருக்கும் ட்ரவுட் மீனுக்கு வேட்டைதான்.

ட்ரவுட் வழக்கமாகத் தின்பது நீரிலேயே வளரும் பூச்சிகளை. கோடை முடியும்போது அவற்றில் பல சிறகு முளைத்துப் பறந்துவிட்டிருக்கும். அப்போது கைகொடுப்பவை எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி போன்ற தரைப்பூச்சிகள். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரு காட்டோடையை ஆராய்ந்து 2001-ல் வெளியான கணக்குப்படி, அங்குள்ள மீன்களின் ஆண்டு உணவில் 44 சதவீத ஆற்றல் இப்படிக் கரையிலிருந்து விழுபவற்றில் இருந்தே வருகிறது.

சரி, ட்ரவுட் பிடிப்பவர்கள் தூண்டில் முள்ளில் இறகும் நுரைப்பஞ்சும் கட்டிச் செய்யும் போலிப்பூச்சியை மீன் எப்படி நம்புகிறது? ஒளிவிலகலால், வெளியுலகம் முழுவதும் மீனின் தலைக்கு மேல் ஒரு வட்ட ஜன்னலுக்குள் சுருங்கிவிடுகிறது. அதன் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு ஜன்னலின் விட்டம் இரண்டேகால் அடிதான். அதைத் தாண்டினால் நீர்ப்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆற்றின் அடியைத்தான் காட்டும். மிதந்து வரும் வெட்டுக்கிளியின் கால்கள் அந்தக் கண்ணாடியை அழுத்தும் இடங்கள் மட்டும் ஒளிப்புள்ளிகளாக மின்னும். உடல் தெரிவது அப்புறம்தான், அதுவும் அடிப்பக்கம்.

பென்சில்வேனியாவின் லெடோர்ட் ஓடையில் மீன் பிடித்த வின்சென்ட் மரினாரோ இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். கீழிருந்து பார்க்கும் மீனுக்குப் பூச்சியின் பருமன் தெரியாது, வெளிக்கோடு மட்டும்தானே தெரியும்? பொடிப் பூச்சி ஒன்றைப் போலச் செய்ய, ஒரே ஓர் இறகைத் தட்டையாகக் கட்டினார். அது எந்தப் பறவையின் இறகு தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு!

உருவம் சரியாக இருந்தும் காரியம் கெடுவது தூண்டில் நரம்பினால், அதாவது தூண்டில் கயிற்றினால். நடு ஆற்றில் நீரோட்டம் வேகம், கரையோரம் மெதுவு. வேகமான நீர் நரம்பை இழுக்க, போலிப்பூச்சி பின்னால் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். விழுந்த எறும்பு அப்படி ஓடாது என்பது ட்ரவுட்டுக்குத் தெரியும். அதனால் நரம்பைத் தூக்கி நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைத்துப் போடுவார்கள்.

போலி வண்டின் முதுகில் ஆரஞ்சு நிறப் பொட்டு ஒன்று இருப்பதைக் கவனித்திருக்கலாம். அது பிடிப்பவரின் கண்ணுக்காக. அடியில் நிற்கும் மீனுக்கு முதுகு தெரியாது.