சேற்றில் செம்பு: மலை தந்ததா, மருந்து தந்ததா?

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வாவிச் சேற்றில் செம்பு இருந்தால், அது தேயிலைக்கு அடிக்கும் மருந்தா, மலையில் இருந்ததேதானா? எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?"

இரண்டுக்கும் வாய்ப்புண்டு. பாறையில் இயல்பாகவே செம்பு இருக்கிறது. கொழுந்தில் கொப்புளம் போடும் பூஞ்சை நோய் 1946இல் இலங்கைக்கு வந்த பிறகு, தோட்டங்களில் செம்பு மருந்தும் தெளிக்கத் தொடங்கினார்கள். மழை இரண்டையும் கழுவி ஓயாவில் (மலையாற்றில்) சேர்த்துவிடும்.

சேற்றைக் காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து அளந்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். களித்துகள் மிக நுண்ணியது, அதன் மேற்பரப்பில் மறையேற்றம் இருப்பதால் உலோக அயன்கள் ஒட்டிக்கொள்ளும். மணல் அப்படிப் பிடித்துவைக்காது. ஆக, களி கூடிய இடத்தில் மாசு இல்லாமலேயே செம்பு கூடுதலாகத் தெரியும்.

இங்கேதான் அலுமினியம் கைகொடுக்கிறது. களியின் கட்டமைப்பிலேயே அது இருக்கிறது. மனிதர் சேர்ப்பது அதற்கு முன் தூசு. எனவே செம்பை அலுமினியத்தால் வகுத்துவிடுகிறோம். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்குக் கழிப்பதுபோல, இங்கே மணலுக்குக் கழிக்கிறோம். (தராசடியில் கழிப்பது எப்போதும் நியாயமா என்பது வேறு கதை.)

ஒரு கணக்குக்கு, தோட்டத்துக்கு மேலே, மருந்து படாத காட்டோடைச் சேற்றில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் செம்பு, 8 சதவீதம் அலுமினியம் என்று வைப்போம். விகிதம் 5. வாவி நடுவில் செம்பு 60, அலுமினியம் 12. அங்கும் 5தான், பயப்பட ஒன்றுமில்லை. கரையோர மணலில் செம்பு 45தான், ஆனால் அலுமினியம் 3. விகிதம் 15! குறைந்த எண் காட்டிய இடத்தில்தான் மும்மடங்கு செறிவு. இந்த மடங்கைத்தான் செறிவுக் காரணி என்கிறார்கள். அந்தத் தலைகீழ்த் திருப்பம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

ஆனால் எல்லாம் அந்தக் காட்டோடை எண்ணில் தொங்குகிறது. பலர் 1961இல் வெளியான உலகக் களிப்பாறைச் சராசரியை (செம்புக்கு 45) அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். நம் மலையோ உருமாறிய பழம்பாறை; மழையில் ஊறி மற்றவை கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் தங்கிய மண். ஓயா ஓயாவாகப் போய் உள்ளூர் அடிப்படை அளவுகளை எடுக்கப் பணம் ஒதுக்கினால், விலையுயர்ந்த கருவி இன்னொன்று வாங்குவதைவிடப் பலன் அதிகம் என்பேன்.

அப்புறம், கூடுதல் செம்பு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒட்டுறவைப் பார்ப்பார்கள். பல இடத்து மாதிரிகளில் செம்பு இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து ஏறி இறங்கினால் பாறைப் பக்கம் சந்தேகம். அவற்றை விட்டுப் பிரிந்து, தேயிலை மலைக்குக் கீழே மட்டும் ஏறினால் மருந்துப் பக்கம். பொஸ்பரஸ் உரத்தில் கட்மியம் என்ற உலோகமும் கலந்திருக்கலாம் என்பதால், கட்மியம் பொஸ்பரசோடு கூட்டுச் சேர்ந்தால், மரக்கறித் தோட்டத்து உரமூட்டையையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும்.